பல்லுக்குள்ள குடிபோன நண்டு

ஏட்டி டெய்சி, கால நீட்டு. அந்தப் பக்கம் தள்ளிப் படு, அத்தைக்கும் இடம் வேணும்லா. காலையில இருந்து படகுத்துறையில டிக்கெட் கிழிச்சுக் கிழிச்சு எனக்கு வெரலே தேஞ்சு போச்சு. என்னது, கதையா? ஒரே ஒரு கதைதான். இடையிடையில "ம்" போடணும். "ம்" நின்னுச்சுன்னா கதையும் நின்னுரும், ஆமா.

ஒரு தீவுல ஒரே ஒரு காவக்காரர் இருந்தாரு. அவரு வாயில ஒரே ஒரு பல்லுகூட சொந்தப் பல்லு கிடையாது.

ம்.

தீவுக்குப் பேரு ஒத்தப்பனைத் தீவு. கரையில இருந்து கண்ணாடிப் படகுல ஏறுனா முக்கால் மணி நேரம். படகுக்கு அடியில கண்ணாடி வச்சிருக்கும், குனிஞ்சு பாத்தா பவளப்பாறை, பாறைக்குள்ள வரி வரியா மீனு, சட்டினியில விழுந்த கத்திரிக்காய் மாதிரி கடல் அட்டை. தீவுல எறங்குனா ஆமை முட்டை போட வந்த தடம் டிராக்டர் போன மாதிரி கெடக்கும். பூநாரை ஒத்தக்கால்ல நிக்கும். எதுக்கு நிக்குன்னு கேக்காத, எனக்கும் தெரியாது. அந்தப் பக்கம் கடல்பசு தண்ணிக்குள்ள புல்லு மேயும், மெச் மெச் மெச்சுன்னு, நீ முறுக்கு திங்கற மாதிரி.

அந்தத் தீவு மொத்தமும் தேசியப் பூங்கா. அப்படின்னா என்ன? அங்க உள்ளது அங்கயேதான் கெடக்கணும். ஒரு கிளிஞ்சல், ஒரு பிடி மண்ணு, ஒரு இறகு, எதையும் எடுத்துட்டு வரக்கூடாது. அதப் பாத்துக்கிடத்தான் காவக்காரரு. பேரு தஸ்நேவிஸ். சொட்டைத் தலை, காக்கிச் சட்டை, விசிலு. வாரத்துல ஆறு நாளு தீவுல தகரக் கொட்டகையில கெடப்பாரு, ஒரு நாளு கரைக்கு வருவாரு.

அவருக்கு மனசுக்குள்ள பெரிய பெருமை. "இந்தத் தீவுல இருந்து ஒரு சிப்பி வெளிய போனதில்ல"ம்பாரு. எல்லாரும் படகு ஏறப் போவாங்கள்லா, அப்போ பிர்ர்ர்ருன்னு விசில் ஊதுவாரு. "பையக் கவுத்து!" அவ்வளவுதான். காலேஜுப் பையனா இருந்தாலும் சரி, கன்னியாஸ்திரியா இருந்தாலும் சரி, பையக் கவுத்தணும். எத்தனை பிள்ளைங்க அவரு முன்னால கிளிஞ்சலக் குடுத்துட்டு மூக்க உறிஞ்சிட்டு நின்னுருக்கு தெரியுமா? மனுசன் ஒரு சொட்டு இரங்கமாட்டாரு.

அப்போ ஒரு சனிக்கிழமை. மறுநாள் அவரு மக பிரகாசிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ரெக்சன், கப்பல்ல வேலை. திங்கக்கிழமை கப்பல் ஏறுனான்னா திரும்பி வர பதினோரு மாசம். அதனால நிச்சயம் ஞாயித்துக்கிழமையே நடந்தாகணும். அவங்க வழக்கம் என்னன்னா, மாப்பிள்ளைக்கு அம்மா ஊர்ப் பெரியவங்க முன்னால, "பொண்ணு குடுக்கச் சம்மதமா?"ன்னு மூணு தடவ கேப்பாவ. பொண்ணுக்கு அப்பா மூணு தடவையும் "சம்மதம்"னு கணீர்னு சொல்லணும். இழுத்தாரு, முழுங்குனாருன்னா நல்லா இருக்காது. தஸ்நேவிஸு ஒரு வாரமா பூநாரைகிட்ட சொல்லிப் பழகிட்டு இருந்தாரு. "சம்மதம்! சம்மதம்! சம்மதம்!" பூநாரை காலை மாத்திக்கிட்டே கேட்டுச்சு.

அன்னைக்கு மத்தியானம் நல்லா மீன் கொழம்பு தின்னாரு. தின்னுட்டு பல்செட்டக் கழட்டினாரு, கழுவுனாரு, பூவரச மரத்தடியில ஒரு பலகையில காய வச்சாரு. வச்சுட்டு கொர்ர்ர்... கொர்ர்ர்...

சிரிக்காத. தூங்கறதுக்குத்தான் கதை.

முழிச்சுப் பாத்தா கீழ்ச் செட்டு மட்டும் இருக்கு. மேல் செட்டக் காணோம்! பலகைக்கு அடியில பாத்தாரு, இல்ல. சட்டைப் பையில பாத்தாரு, இல்ல. அப்போ ஒரு சத்தம். கடகட... கடகட... கடகட... திரும்பிப் பாத்தா, மணல்ல அவரு பல்லு நடந்து போகுது!

ஆமா, நடந்துதான். சிரிச்சுட்டே போகுது.

"எம் பழ்ழு! எம் பழ்ழு போழுது!"ன்னு கத்திட்டே பின்னால ஓடுனாரு. டெய்சி, இனிமே அவரு பேசறதெல்லாம் நான் பல்லு வச்சே சொல்லுதேன். இல்லன்னா விடியற வரைக்கும் உனக்கு ஒண்ணும் வெளங்காது.

அந்த நேரம் பறவை பாக்க ஒரு கூட்டம் வந்துருந்துச்சு. அதுல ஒரு வாத்தியாரு பைனாகுலர கண்ணுல வச்சுட்டு உள்ளான் குருவிய எண்ணிட்டு இருந்தாரு. பதினாறு, பதினேழு... பதினெட்டாவதா பல்லு போகுது. வாத்தியாரு பைனாகுலர எறக்குனாரு, தொடச்சாரு, மறுபடி வச்சாரு. அப்புறம் நோட்டுல எழுதிட்டாரு: "சிரித்தபடி ஒன்று." கூட வந்த பொம்பளைங்க எல்லாம் ஐயோ அம்மான்னு தண்ணிக்குள்ள ஓடிட்டாவ.

தஸ்நேவிஸு குப்புற விழுந்து பல்லு முன்னால கைய வச்சுத் தடுத்தாரு. அப்போ பல்லுக்கு அடியில இருந்து ரெண்டு கண்ணு எட்டிப் பாத்துச்சு. ஒரு நண்டு! சங்குக்குள்ள குடியிருக்குமே, சங்க முதுகுல தூக்கிட்டே திரியுமே, அந்த நண்டு.

"ஓய், என்னத்துக்குவே என் வீட்டு வாசல்ல படுத்துக் கெடக்கீரு?"ன்னு நண்டு கேட்டுச்சு.

"வீடா? அது என் பல்லு!"

"பல்லுன்னா வாயில இருக்கணும். பலகையில இருந்தா காலி மனை."

பாத்தியா பேச்ச! சரி, பிடிச்சு இழுத்துட வேண்டியதுதானேன்னு கேப்ப. முடியாது. அந்த நண்டு வால மடக்கி உள்ள சொருகிக்கிட்டா, வாலே பிஞ்சாலும் விடாது. செத்துரும். அது தஸ்நேவிஸுக்கு நல்லாத் தெரியும். காவக்காரரே நண்டக் கொல்லலாமா? சரி, நண்டோட சேத்து பல்லைக் கரைக்குக் கொண்டு போயிரலாமான்னு யோசிச்சாரு. அதுவும் முடியாது. உசுருள்ளது எதையும் தீவ விட்டு எடுக்கக்கூடாதுன்னு போர்டு எழுதிப் போட்டதே அவருதான். மனுசனுக்கு வேத்து ஊத்திருச்சு. நாளைக்குப் பல்லு இல்லாம ஊரு முன்னால வாயத் திறந்தா காத்துதான் வரும். நிச்சயம் தள்ளிப் போச்சுன்னா பிரகாசி பதினோரு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவா.

ம்?

ம்.

"சரி, உனக்கு வேற வீடு குடுத்தா பல்லத் தருவியா?"ன்னு கேட்டாரு.

"நல்ல வீடா இருந்தா போறேன்"ன்னுச்சு நண்டு.

மொதல்ல ஓடிப்போய் அவரு டீ குடிக்கற எவர்சில்வர் டம்ளரக் கொண்டு வந்தாரு. நண்டு எட்டிப் பாத்துச்சு, மீசைய ஆட்டுச்சு, பல்ல விட்டுட்டு லபக்குன்னு டம்ளருக்குள்ள போச்சு. தஸ்நேவிஸு பல்லுல கைய வைக்கப் போறாரு, அதுக்குள்ள "ஆ! ஆ! ஆ!"ன்னு துள்ளிக் குதிச்சு வந்து மறுபடி பல்லுக்குள்ள ஏறிக்கிச்சு. "என்னைய என்ன பொரிக்கவா பாக்கீரு? வெயில்ல தோசைக்கல்லு மாதிரி சுடுது!"

அப்புறம் தலையச் சொறிஞ்சாரு. கடல்ல குப்புறப் படுத்து மீன் பாப்பாங்கள்லா, மூஞ்சியில கண்ணாடி மாட்டி, வாயில ஒரு குழாய் வச்சு மூச்சு விட்டுக்கிட்டு? அந்தக் குழாய் ஒண்ண யாரோ விட்டுட்டுப் போயிருந்தாங்க. அதக் கொண்டு வந்தாரு. நண்டு இந்தப் பக்கம் சர்ருனு நுழைஞ்சுச்சு, அந்தப் பக்கம் பொதுக்குனு வந்துச்சு. மறுபடி அந்தப் பக்கம் நுழைஞ்சு இந்தப் பக்கம் வந்துச்சு. "ஓய், இது வீடா, சந்தா? கண்டவனும் குறுக்க போவான்"னு சொல்லிட்டு, கடகட கடகட, பல்லுக்கே போயிருச்சு.

மூணாவதா ஒரு தேங்காச் சிரட்டை. நல்லா சொரண்டி, ஓட்டை போட்டு, வாசல்ல ஒரு பூவரசம்பூகூட சொருகி வச்சாரு. நண்டுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. உள்ள போய் ஒரு சுத்து சுத்துச்சு. அப்போ பாத்து சொய்ய்ங்னு ஒரு அலை. சிரட்டை மிதந்துருச்சு! "ஐயையோ, வீடு ஊரு சுத்துது! பிடிங்கவே! பிடிங்கவே!" தஸ்நேவிஸு பேண்டோட தண்ணிக்குள்ள பாஞ்சு சிரட்டையப் பிடிச்சு வந்து கரையில வச்சா, நண்டு ஒரு வார்த்தை சொல்லாம, முகத்தைத் திருப்பிக்கிட்டு, கடகட கடகட.

கடையில சங்கு விப்பாங்களேங்கிறியா? புத்திசாலிதான். ஆனா கடைச் சங்க ஆசிட்ல முக்கி, பாலீஷ் போட்டு வழுவழுன்னு வச்சிருப்பான். நாத்தத்துலயே நண்டு ஓடிப்போகும்.

கடைசியில தஸ்நேவிஸு மணல்ல சப்புன்னு உக்காந்துட்டாரு. "உனக்குன்னு ஒரு சங்கு இல்லாமலா இருந்த?"ன்னு கேட்டாரு.

அப்போ நண்டு சொல்லுச்சு. "இருந்துச்சு. நான் வளந்துட்டேன், அது பத்தாமப் போச்சு. எங்க ஆளுங்க எல்லாருக்கும் அப்படித்தான். நாங்க என்ன செய்வோம்னா, பெருசா ஒரு காலிச் சங்கு ஒதுங்குற வரைக்கும் காத்திருப்போம். ஒதுங்குச்சுன்னா வரிசை கட்டுவோம். மொதல்ல பெரியவரு, அவரு பின்னால அவரவிடச் சின்னவரு, அவரு பின்னால அதவிடச் சின்னவரு. பெரியவரு புதுச் சங்குக்குப் போவாரு, அவரு விட்டதுல அடுத்தவரு, அவரு விட்டதுல அடுத்தவரு. ஒரு சங்கு வந்தா எட்டுப் பேருக்கு வீடு மாறும். போன மாசம் அழகா ஒரு வெள்ளைச் சங்கு ஒதுங்குச்சு. நாங்க வரிசை கட்டறதுக்குள்ள ஒரு திருட்டுப்பய எடுத்துட்டுப் போயிட்டான்!"

தஸ்நேவிஸுக்கு ரத்தம் கொதிச்சுது. எழுந்து நின்னுட்டாரு. "என் தீவுலயா? என் காவல்லயா? எவன் அவன்? ஆளு எப்படி இருந்தான்? சொல்லு, அவன் பைய..."

"சொட்டைத் தலை. காக்கிச் சட்டை. கழுத்துல விசிலு"ன்னுச்சு நண்டு.

...

ம் போடு. இங்க கண்டிப்பா ம் போடணும்.

ம்! அவருதான் திருடனா அத்தை?

அவரேதான்! மொதத் தடவ சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோட போகக்கூடாதேன்னு, துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போயி மாப்பிள்ளைக்கு அம்மா மதலேனம்மா கையில குடுத்தாரு. ஊரான் பைய எல்லாம் கவுத்துனவரு பைய யாரு கவுத்துனா? இப்போ அந்தச் சங்கு அந்தம்மா வீட்டு டிவி மேல உக்காந்துருக்கு.

மனுசன் மணலையே பாத்துட்டு நின்னாரு. மூக்க உறிஞ்சிட்டு நின்ன பிள்ளைங்க முகம் எல்லாம் வரிசையா வந்துச்சு. வெக்கமாப் போச்சு அவருக்கு. அப்புறம் கடைசிப் படகுல ஏறி, வாயில துண்டக் கட்டிக்கிட்டு, நேரா மதலேனம்மா வீட்டுக்குப் போயிட்டாரு.

மதலேனம்மாவ நீ பாத்ததில்ல. அந்தம்மா தும்முனா தெருவுல சைக்கிள் நிக்கும்.

"வாங்க சம்பந்தி, என்ன பல்லு வலியா?"ன்னு கேட்டாவ.

"சம்பந்தியம்மா... அந்தச் சங்கு... திருப்பி வேணும்."

குடுத்தத திருப்பிக் கேட்டா சம்பந்தம் வேண்டாம்னுதானே அர்த்தம்? ரெக்சன் கையில இருந்த தட்டு டணார்னு விழுந்துச்சு. மதலேனம்மா இடுப்புல கைய வச்சாவ. "எதுக்கு?"

தஸ்நேவிஸு நினைச்சிருந்தா ஒரு பொய்யச் சொல்லியிருக்கலாம். ராசிக்கு வேணும், பூசைக்கு வேணும்னு ஏதாவது. அவரு துண்ட அவுத்தாரு. வாயத் திறந்து காட்டுனாரு. மேல ஒரு பல்லும் இல்ல, குகை மாதிரி இருக்கு. "நான் அத தீவுல இருந்து திருடிட்டேன் தாயி"ன்னு சொல்லி, நண்டு, வரிசை, பல்லு எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொல்லிட்டாரு.

மதலேனம்மா இடுப்புல இருந்த கைய எடுத்தாவ. போய் டிவி மேல இருந்த சங்க எடுத்தாவ. எடுத்துட்டு, "வேய் சம்பந்தி, போன வருசம் நான் தீவுக்கு வந்தப்ப என் வெத்தலப் பெட்டிக்குள்ளகூட கைய விட்டுத் துழாவுனீரே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நாளைக்கு நிச்சயம் தீவுலதான். போகும்போது உம்ம பைய நான் கவுத்துவேன். சம்மதமா?"

அவரு தலைய ஆட்டுனாரு. வாயத் திறந்தா காத்துல்லா வரும்.

மறுநாள் காலையில பதினெட்டுப் பேரு பட்டும் மல்லிகைப்பூவுமா படகுத்துறைக்கு வந்து நிக்காவ. நான்தான் டிக்கெட் போட்டேன். நிச்சயம்னாலும் டிக்கெட் டிக்கெட்தான். தாம்பூலத் தட்டு, பழம், லட்டு எல்லாம் படகுலயே இருக்கணும், தீவுக்குள்ள தின்பண்டம் கூடாது. லட்ட விட்டு எறங்க மாட்டேன்னு பெரியவரு ஒருத்தரு படகுலயே உக்காந்துட்டாரு.

மதலேனம்மா பட்டுச்சேலைய முழங்காலுக்குத் தூக்கிச் சொருகிட்டு, தண்ணி ஓரத்துல சங்க வச்சாவ. "எல்லாரும் வாய மூடுங்க!" எல்லாரும் மணல்ல உக்காந்தாச்சு. ஒரு நிமிசம் ஒண்ணும் இல்ல. ரெண்டு நிமிசம் ஒண்ணும் இல்ல. அப்புறம்... சர சர சர சர. பெரிய நண்டு ஒண்ணு வந்துச்சு. சங்கச் சுத்திச் சுத்தி வந்து, கால விட்டு அளந்து பாத்துச்சு. அது பின்னால ஒண்ணு. அது பின்னால ஒண்ணு. பெருசுல இருந்து சின்னது வரைக்கும் ரேஷன் கடை வரிசை மாதிரி ஏழு நண்டு. கடைசியா யாரு? கடகட கடகட... பல்லு!

பெரியவரு புதுச் சங்குக்குள்ள லபக். அவரு விட்டதுல அடுத்தது லபக். லபக், லபக், லபக், லபக், லபக். பல்லுக்குள்ள இருந்த நண்டு மெதுவா எட்டிப் பாத்துச்சு, வால உருவுச்சு, லபக்! பல்லு மணல்ல தொப்புன்னு விழுந்துச்சு. "ஓய், உம்ம வீட்டுல ஒரே மீன் கொழம்பு வாசம்வே"ன்னு சொல்லிட்டு நண்டு போயே போச்சு.

கூட்டம் கைதட்டுச்சு. தஸ்நேவிஸு பல்ல எடுத்துக் கடல்ல கழுவி மாட்டுனாரு. நிமிந்து நின்னாரு. சட்டைய இழுத்து விட்டுக்கிட்டாரு.

"பொண்ணு குடுக்கச் சம்மதமா?"ன்னு மதலேனம்மா கேட்டாவ.

வாயத் திறந்தாரு. கறுக் முறுக். பல்லெல்லாம் மணலு. தூ, தூ, தூ.

"பொண்ணு குடுக்கச் சம்மதமா?"

வாயத் திறந்தாரு. ஹா... ஹா... ஹச்ச்ச்! பல்லு பறந்து போய் மணல்ல விழுந்துச்சு. எங்கேயோ இருந்து ஒரு சின்ன நண்டு அதப் பாத்து ஓடி வருது! "விடாதீங்க! விடாதீங்க!" பதினேழு பேரும் கத்துதாவ. ரெக்சன் பட்டு வேட்டியோட குப்புறப் பாஞ்சு பல்லு மேல விழுந்துட்டான். அத வாங்கி மறுபடி மாட்டியாச்சு.

மூணாவது தடவ. "பொண்ணு குடுக்கச் சம்மதமா?"

இப்போ வாயில மணலு இல்ல. தும்மலும் இல்ல. பல்லு கச்சிதமா உக்காந்துருக்கு. அவரு பிரகாசியப் பாத்தாரு. அவ தலையில மல்லிகைப்பூ, கால்ல மணலு, நண்டப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு இன்னும் முகத்துல அப்படியே இருக்கு. நாளைக்கு இவ வேற வீட்டுப் பிள்ளைன்னு அப்பத்தான் அவருக்கு உறைச்சுது. வாயத் திறந்தாரு, திறந்த வாய் திறந்தபடியே, ஓன்னு அழுதுட்டாரு. ஒரு சொல்லு வரல.

யாருக்கும் என்ன செய்யன்னு தெரியல. ஊர்ப் பெரியவங்க ஒருத்தர ஒருத்தர் பாக்காவ. அப்போ பிரகாசி எந்திரிச்சு வந்து, அப்பா கையப் பிடிச்சுக்கிட்டு சொன்னா. கணீர்னு சொன்னா. "அத்தே, எனக்குச் சம்மதம்."

மதலேனம்மா அவள மேலயும் கீழயும் பாத்தாவ. இத்தனை வருசமா எத்தனை நிச்சயம் நடந்துருக்கு, பொண்ணுகிட்ட ஒருத்தரும் கேட்டதே இல்லியே! அந்தம்மா அவ கன்னத்தப் பிடிச்சுக் கிள்ளி, "இத நேத்தே இவகிட்ட கேட்டிருந்தா முடிஞ்சிருக்குமே. இதுக்கா அந்த மனுசன் பல்லுக்கு அலைஞ்சாரு?"ன்னாவ.

எட்டு நண்டுக்கும் எட்டு வீடு, பிரகாசிக்கும் ஒரு வீடு. அத்தையோட கதைக்குக் கதவச் சாத்தியாச்சு. போர்வைதான் உன் சங்கு, வால மடக்கிக்கிட்டு உள்ள போ.

ஏட்டி... ம் சொல்லு பாப்போம்.

சரி, தூங்கு.